மூன்றாவது கடிதம்

நவம்பர் 23, சனி

காலையில் ஒரு ஃபோன். தெரியாத எண். தெரியாத எண்ணிலிருந்து என்னைத் தேடுபவர்கள் எல்லோரும் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். "வேண்டாம்மா" என்று சொல்லி வைக்கப் போனேன்.

"மேடம், மேடம், வச்சிராதீங்க. நான் இசக்கியம்மாள். எம்.எஸ்சி. பாட்டனி. உங்ககிட்டதான் ப்ராஜெக்ட் பண்ணுனேன்."

பெயரைக் கேட்ட மாதிரி இருந்தது. முகம் வரவில்லை. முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு எத்தனை இசக்கியம்மாள்! "ஆமாமா, சொல்லு சொல்லு" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

விஷயம் இதுதான். நார்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்ய இடம் இருக்கிறதாம், சம்பளத்தோடு. நன்னீர்ப் பாசிகளைப் பற்றிய ஆய்வு. எம்.எஸ்சி. முடித்து ஏழு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். இரண்டு போய்விட்டது. மூன்றாவது ப்ராஜெக்ட் வழிகாட்டியிடமிருந்துதான் வர வேண்டுமாம், அதாவது என்னிடமிருந்து. ஜனவரி எட்டாம் தேதி கடைசி நாள். அது வராவிட்டால் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்களாம்.

"நீங்க சிரமப்பட வேண்டாம் மேடம். நானே டிராஃப்ட் அடிச்சு அனுப்பிருதேன். நீங்க ஒரு கையெழுத்து மட்டும்..."

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ஊர்க் கல்லூரிகளைப் பிடித்த வியாதி இது. கடிதம் கேட்டு வரும் பிள்ளையிடம் "நீயே எழுதிக் கொண்டு வா" என்பார்கள். பிள்ளை தன்னைத் தானே மெச்சி ஒரு பக்கம் எழுதிவரும். ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், வேலை முடிந்தது. எனக்குப் பிறகு துறைத்தலைவர் ஆன கோமதிநாயகம் ஒரே வருடத்தில் பதினோரு பேருக்கு வரிக்கு வரி ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர். ஒரு பிள்ளை எழுதியதை மற்ற பத்தும் பார்த்து எழுதியிருக்கின்றன. "சார் கையெழுத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு பியூன் கையில குடுத்துரலாம்" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதைச் சொல்ல வேண்டும்.

நான் அப்படிக் கையெழுத்துப் போட்டதே கிடையாது. இசக்கியம்மாளிடம் சொன்னேன்: "நானே எழுதுவேன். ஆனா ஆளைப் பாக்காம எழுத மாட்டேன். அடுத்த சனிக்கிழமை வா. உன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வா."

"வாரேன் மேடம்" என்றாள். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். தயங்கட்டும்.

நவம்பர் 29, வெள்ளி

வீட்டு வேலைக்கு வரும் மரியபுஷ்பத்திடம் நாளைக்கு முன் அறையைத் துடைக்கச் சொன்னேன். "யாரு டீச்சர் வாராவ?" என்றாள். ஒரு மாணவி என்றேன். "போன வருசம் கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரன் வந்ததுக்கப்புறம் இப்பதான் ஒரு ஆளு வருது" என்கிறாள். வாய் அதிகம் இவளுக்கு.

நவம்பர் 30, சனி

வந்தாள். ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமமாம். இரண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டை வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறாள். முகத்தைப் பார்த்த பிறகும் எனக்கு நினைவு வரவில்லை. கடைசி பெஞ்சில் இருந்திருப்பாள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தாள். துப்பட்டாவைக் கழுத்துவரை ஊசி குத்தியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததாகவும் இப்போது விட்டுவிட்டதாகவும் சொன்னாள். பரவாயில்லை, படிப்பதற்காகத்தான் விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டைப் புரட்டினேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் பாசிகள். முதல் பக்கத்தில் 'வழிகாட்டி' என்ற இடத்தில் என் கையெழுத்து. வேலை சுத்தம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கேள்வி கேட்டேன். டக் டக்கென்று பதில் வந்தது. எந்தக் குளத்தில், எந்த மாதத்தில், எந்தப் பாசி என்று ஏழு வருடம் கழித்தும் தலைகீழாகச் சொல்கிறாள்.

அதன் பிறகு நான் என் ஆராய்ச்சிக் காலத்தைப் பற்றிச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள். நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தலைமுறைக்கே பொறுமை கிடையாது.

"லெட்டரை ஏத்துத லிங்க் உங்க மெயிலுக்கு வந்துருக்கும் மேடம். ஒருக்க ஓப்பன் பண்ணிப் பாத்துருங்களேன்" என்றாள் போகும்போது.

"அதெல்லாம் பாத்துக்கிடலாம். அடுத்த சனிக்கிழமை வா. இன்னும் கொஞ்சம் பேசணும்."

டிசம்பர் 4, புதன்

சனிக்கிழமைக்கு என்ன சமைப்பது? போன முறை வெறும் டீதான் கொடுத்தேன். இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கு டீ போதாது. சொதி வைக்கலாம்.

டிசம்பர் 7, சனி

சொதிக்கு மரியபுஷ்பம் தேங்காய்ப்பால் பிழிந்து கொடுத்தாள். "டீச்சர் இன்னைக்கு வெள்ளனவே எந்திச்சிட்டீயளே" என்று ஒரு நக்கல் வேறு.

இசக்கி நன்றாகச் சாப்பிட்டாள். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள். இந்த ஒல்லி உடம்பில் எங்கே போகிறதோ! சாப்பிட்டதும் பாத்ரூம் போனவள் கால் மணி நேரம் கழித்துதான் வந்தாள். நெஞ்சுப் பக்கம் துப்பட்டா நனைந்திருந்தது. தண்ணீர் சிந்திவிட்டது என்றாள். அதற்குள் இரண்டு ஃபோன். கொல்லைப்பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். காதல் கீதல் என்று எதுவும் இருக்குமோ? காலில் இரண்டாவது விரலைச் சுற்றி வெளுத்த தடம் ஒன்று தெரிந்தது. செருப்புக் கடித்திருக்கும். நடக்கிற நடைக்கு நல்ல செருப்பாவது வாங்கக் கூடாதா?

கடிதத்துக்கு வேண்டிய விவரம் எல்லாம் கிடைத்துவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தவள் மதியத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். முழுசாக இரண்டு பக்கம். நான் எழுதிய கடிதங்களிலேயே இதுதான் சிறந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'குடும்பப் பொறுப்புகள் ஏதும் இல்லாதவர். தம் முழு நேரத்தையும் ஆய்வுக்கே தரக்கூடியவர்.' வெளிநாட்டுக்காரர்களுக்கு இது முக்கியம். எனக்கும் முக்கியம்தான். முதல் வகுப்பிலேயே வருடா வருடம் பெண் பிள்ளைகளிடம் சொல்வேன், தாலியா தீசிஸா என்று இப்போதே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று. நான் முடிவு பண்ணவில்லையா?

தட்டச்சு செய்து அனுப்புவது அரை மணி நேர வேலை. ஆனால் இன்னொரு முறை படித்தால் திருத்தம் ஏதாவது தோன்றும். அவசரப்பட்டு அனுப்புகிற ஆள் நான் இல்லை.

டிசம்பர் 11, புதன்

இசக்கி ஃபோன் பண்ணினாள். கடிதம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் ஒன்றும் இல்லை, காலையில்தான் ஒரு காற்புள்ளி மாற்றினேன்.

டிசம்பர் 14, சனி

இன்று மழை. வர மாட்டாள் என்று நினைத்தேன். பதினொன்றரைக்கு நனைந்து போய் வந்து நின்றாள். துண்டு எடுத்துக் கொடுத்தேன். எனக்கு என்னவோ போல் இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்றே எழுதலாம், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

"லெட்டர் ஆயிட்டா மேடம்?"

"உன் எதிர்கால ஆய்வைப் பத்தி ஒரு பத்தி எழுதணும். அதைப் பத்தி நாம பேசவே இல்லையே."

பேசினோம். பிறகு நான் கேரளத்துக்கு ஆராய்ச்சிக்குப் போன கதையைச் சொன்னேன், அட்டை கடித்த கதை. சிரித்தாள். சிரிக்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். மூன்று மணிக்கு எழுந்துவிட்டாள். "இன்னும் வெளிச்சம் இருக்கே, உக்காரு" என்றேன். "இல்ல மேடம், போயாகணும்" என்றாள். வீட்டில் அப்படி என்னதான் முட்டிக்கொண்டு நிற்கிறதோ. நான் கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது என் பழக்கம் இல்லை.

டிசம்பர் 18, புதன்

சந்தையில் நல்ல சீலா மீன் வந்தது. சனிக்கிழமை வரை தாங்காதே என்று வாங்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எனக்காக வாங்கியிருக்கலாமே?

டிசம்பர் 21, சனி

இன்று அவள் முகம் சரியில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டீங்கள்லா?"

"கேளு."

"லெட்டர்ல ஏதும் கஷ்டமா இருக்கா? எனக்கு எழுதற அளவுக்கு நான் பண்ணலையா? அப்படின்னா சொல்லிருங்க மேடம். நான் மனசத் தேத்திக்கிடுவேன். இப்படி இழுத்துக்கிட்டே இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

கண் கலங்கி இருந்தது. கடிதம் உள் அறையில், மேசை இழுப்பறையில் இருந்தது. பத்து அடி தூரம். எடுத்துக் காட்டியிருக்கலாம்.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல. நல்லாத்தான் வந்துக்கிட்டு இருக்கு. கிறிஸ்துமஸ் முடிஞ்சு வா, இருபத்தெட்டாம் தேதி. அன்னைக்கு உன் கண்ணு முன்னாடியே அனுப்பிருதேன்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

போய்விட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் எதிரில் அனுப்பினால் அவளுக்கும் திருப்தியாக இருக்கும் என்றுதான்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். காலை ஆராதனைக்குப் போய் வந்தேன். வாசலில் பலரும் கை கொடுத்தார்கள், "ஒருநாள் வீட்டுக்கு வாங்க டீச்சர்" என்றார்கள், எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. தங்கை கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். நான்கு நிமிடம். பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

கேக் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வெட்டிக்கொள்ளலாம்.

டிசம்பர் 28, சனி

வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. இரண்டு மணிக்கு ஒரு மெசேஜ்: 'மேடம், இன்னைக்கு வர முடியல. வீட்ல உடம்பு சரியில்ல. மன்னிச்சிருங்க. லெட்டரை எப்படியாவது அனுப்பிருங்க மேடம், ப்ளீஸ்.'

வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு? இவளுக்கா, அம்மாவுக்கா? ஃபோன் செய்து சொல்ல வாய் இல்லையா? விடிந்ததிலிருந்து நின்று பிரியாணி பண்ணியிருக்கிறேன். என்ன பிள்ளைகளோ. காரியம் ஆக வேண்டும் என்றால் காலைச் சுற்றுகிறார்கள். மெசேஜுக்குப் பதில் போடவில்லை.

பிரியாணியை மரியபுஷ்பம் கொண்டு போனாள்.

ஜனவரி 1, புதன்

நான்கு நாளாக அவளிடமிருந்து சத்தம் இல்லை. சரி, இவள் உறவே வேண்டாம், அனுப்பித் தொலைத்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த லிங்க் நவம்பர் முப்பதிலிருந்து மெயிலில் கிடக்கிறது. இன்றுதான் முதல் தடவை அமுக்குகிறேன்.

கடிதத்தை ஏற்றப் போனால் ஏற்றவில்லை. என் மெயில் முகவரி கல்லூரி முகவரி இல்லையாம், தனி முகவரியாம். ஓய்வு பெற்றவர் என்றால், 'இவர் இங்கே பணியாற்றியவர், இந்த மாணவிக்கு வழிகாட்டியவர்' என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் வேண்டுமாம். அதைச் சரிபார்க்க இரண்டு வேலை நாள் ஆகுமாம். அதன் பிறகுதான் என் கடிதத்தை ஏற்றலாமாம்.

எட்டாம் தேதி கடைசி. நடுவே சனி, ஞாயிறு. கல்லூரி நாளைக்குத்தான் திறக்கிறது.

அன்றைக்கே அவள் சொன்னாள், ஓப்பன் பண்ணிப் பாருங்கள் என்று. இந்த வருடம் விட்டால் அவளுக்கு அடுத்த வருடம் கிடையாது. என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறேன் நான்!

ஜனவரி 2, வியாழன்

கல்லூரிக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவை. வாட்ச்மேன் புது ஆள், நோட்டில் பெயர் எழுதச் சொன்னான், 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டேன். கோமதிநாயகம் இன்று விடுப்பாம். நாளைக்கு வருவாராம்.

இன்னொரு நாள் போயிற்று.

ஜனவரி 3, வெள்ளி

ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கோமதிநாயகம் உள்ளே வந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிப் போனார். "மேடம்! வாங்க, வாங்க. இங்க உக்காருங்க, இது உங்க சேருலா" என்று துறைத்தலைவர் நாற்காலியை இழுத்தார். வேண்டாம் என்று சொல்லி எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிதம் கேட்டு வரும் பிள்ளைகள் உட்காரும் இடம்.

"எனக்கு ஒரு லெட்டர் வேணும் சார்" என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

விவரம் சொன்னேன். "அதுக்கென்ன மேடம், நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நான் கையெழுத்துப் போட்டுருதேன்."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார். லெட்டர்ஹெட் தாள் ஒன்றை எடுத்துத் தந்துவிட்டு வருகைப் பதிவேட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எழுதினேன். 'டாக்டர் எஸ்தர் ஞானசௌந்தரி இத்துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார்.' அடுத்து? கோமதிநாயகம் சொல்வதாக நான் என்னைப் பற்றி எழுத வேண்டும். சிறந்தவர் என்றா? மாணவர்களின் அன்புக்கு உரியவர் என்றா? நானே எப்படி எழுதுவேன்? வழிகாட்டிய மாணவியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் எழுதி மூன்று வரியில் முடித்தேன். அவர் வாங்கினார், பேனாவைத் திறந்தார், போட்டார்.

"ஒருக்க படிச்சுப் பாருங்க சார்."

"நீங்க எழுதுனதுல நான் என்ன மேடம் பாக்கப் போறேன்." முத்திரை குத்தினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "பிள்ளைக்கு இப்பப் பரவாயில்லையாமா?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"இசக்கியம்மா பிள்ளைக்குத்தான் மேடம். பத்து மாசப் பிள்ளைலா. காய்ச்சல் வந்து போன வாரம் ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க. நானும் எங்க வீட்லயும் போய்ப் பாத்தோம்."

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ. எங்கிட்ட லெட்டர் வாங்க வந்தப்பவே, உங்ககிட்ட சொல்லிராதீங்க சார்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னாளே. நான் ஒரு ஓட்டை வாயன்."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"இல்ல மேடம்..." என்று நெளிந்தார். "கல்யாணமான பிள்ளைகளுக்கு நீங்க லெட்டர் தர மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்லா. அதான் பயந்துட்டா. நல்ல பிள்ளை மேடம். மாப்பிள்ளையும் தங்கமான பையன். இவ அங்க படிக்கட்டும், நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதான். யாரு மேடம் இந்தக் காலத்துல அப்படிச் சொல்லுவா?"

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்று நான் ஊரைக் கூட்டிச் சிரித்த மனிதர். அவருக்கு அவளுடைய பிள்ளையின் வயது தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்கு நான்கு சனிக்கிழமை வந்து போனவள் கல்யாணமானவள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. நனைந்த துப்பட்டா. மூன்று முறை சோறு. மெட்டியைக் கழற்றிவிட்டு வந்த கால். தாய்ப்பால் கொடுக்கிறவளை மணிக்கணக்கில் உட்கார வைத்து அட்டை கடித்த கதை சொல்லியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் துறைத்தலைவர் கடிதத்தை ஏற்றினேன். இனி இரண்டு வேலை நாள்.

ஜனவரி 5, ஞாயிறு

பழைய கடிதத்தைக் கிழித்தேன். குடும்பப் பொறுப்புகள் ஏதும் இல்லாதவராம்! புதிதாக எழுத உட்கார்ந்தேன். அவளைப் பற்றி எனக்கு உண்மையாகத் தெரிந்ததை மட்டும் எழுதுவது என்று தீர்மானம். முக்கால் பக்கத்துக்கு மேல் வரவில்லை. பாசி தெரியும், குளம் தெரியும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். 'கைக்குழந்தையை விட்டுவிட்டு, மழையில் இரண்டு பஸ் மாறி, முணுமுணுக்காமல் வந்தவள்' என்று எழுத ஆசைதான். எதற்காக வரவேண்டி இருந்தது என்று அவர்கள் கேட்டால்?

முணுமுணுக்காதவள் என்பதை மட்டும் வேறு வார்த்தையில் வைத்தேன்.

ஜனவரி 6, திங்கள்

காலையிலிருந்து பத்து தடவை மெயில் பார்த்துவிட்டேன். 'சரிபார்ப்பு நடைபெறுகிறது' என்றே காட்டுகிறது. கர்த்தரே, என் தப்புக்கு அந்தப் பிள்ளையைத் தண்டித்துவிடாதேயும்.

ஜனவரி 7, செவ்வாய்

பிற்பகல் மூன்றே காலுக்கு அனுமதி வந்தது. மூன்றரைக்குக் கடிதத்தை ஏற்றிவிட்டேன். 'பெற்றுக்கொண்டோம்' என்று பச்சை எழுத்தில் வந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் ஃபோன். "மேடம்! மூணு லெட்டரும் வந்துட்டுன்னு மெயில் வந்துட்டு மேடம்! ரொம்ப ரொம்ப நன்றி மேடம். எனக்கு எப்படிச் சொல்லன்னே தெரியல." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பின்னால் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்டது. யாரோ தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் நன்றி சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இசக்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

மெல்லக் கேட்டாள், "யாரு மேடம் சொன்னா?"

"அது கெடக்கட்டும். நான் ஒண்ணு சொல்லணும். உன் லெட்டரை டிசம்பர் எட்டாம் தேதியே எழுதி முடிச்சிட்டேன்."

"எட்டாம் தேதியேவா?"

"ஆமா."

"அப்ப அதுக்கப்புறம் ரெண்டு சனிக்கிழமை நான் எதுக்கு மேடம் வந்தேன்?"

"நீ வந்தா எனக்கு நல்லா இருந்துச்சு. அதான்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

அவள் குரல் மாறிவிட்டது. "பால் கட்டிக்கிட்டு வலி தாங்காம உங்க பாத்ரூம்ல நின்னு அழுதுருக்கேன் மேடம். பிள்ளை பசியில கத்துதுன்னு மாமியா ஃபோனுக்கு மேல ஃபோன் போடுவாவ. எழுந்திரிச்சா நீங்க லெட்டர் தர மாட்டீங்களோன்னு உக்காந்திருப்பேன். இருபத்தோராந்தேதி வீட்டுக்குப் போறேன், பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்கி."

"தப்புதாம்மா. என்னை மன்னிச்சிரு."

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா சும்மாவே வந்துருப்பேனே மேடம். பிள்ளையையும் தூக்கிட்டு வந்துருப்பேன்."

வைத்துவிட்டாள்.

ஜனவரி 8, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 11, சனி

பதினொன்று, பன்னிரண்டு. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் காது வாசலிலேயே இருந்தது. மரியபுஷ்பம் "அந்தப் பிள்ள இனும வராதா டீச்சர்?" என்று கேட்டாள். வராது என்றேன். அவள் பாத்திரத்தைத் துலக்கினாள். அவளுக்கும் எத்தனை பிள்ளை என்று நான் கேட்டதில்லை. கேட்டேன். மூன்று பேராம். மூத்தவன் திருப்பூரில் இருக்கிறானாம். பன்னிரண்டு வருடமாக என் வீட்டில் வேலை பார்க்கிறாள்.

அவள் போன பிறகு ஃபோனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். இதில் என்ன கௌரவம் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு எண்ணை அழுத்தினேன். ஏழாவது முறை மணி அடித்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்." கோபம் இல்லை. பிரியமும் இல்லை. ஆபீஸில் பேசுகிற குரல்.

"உனக்கு இப்ப நேரம் இருக்கா?"

"பிள்ளைக்குச் சோறு குடுத்துக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க."

ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாலும் தண்ணீர் குடிக்காதவள் நான். இன்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கேட்டேன். "அடுத்த சனிக்கிழமை நான் அங்க வரட்டுமா? உன்னையும் பிள்ளையையும் ஒருக்க பாத்துட்டுப் போயிருதேன். ரொம்ப நேரம் உக்கார மாட்டேன்."

அந்தப் பக்கம் பிள்ளை கரண்டியால் தட்டில் அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் அதனிடம் ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம், "வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன் மேடம்" என்றாள்.

"சரிம்மா. மெதுவாக் கேட்டுச் சொல்லு. ஒண்ணும் அவசரம் இல்ல."

அவசரம்தான். குளிக்கப் போகும்போதுகூட ஃபோனைக் கொண்டுபோய் பாத்ரூம் ஜன்னலில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் கண்ணயரவில்லை. ஒரே ஒரு முறை அடித்தது, ஓடிப்போய் எடுத்தேன், மனை வேண்டுமா என்றான். இப்போது மணி நாலரை. அவள் இன்னும் கூப்பிடவில்லை.